அன்றைய படத்தின் நிறம்

மார்ச் 9

அன்புள்ள மாமா,

எனக்குக் காது மட்டும் கொஞ்சம் மந்தமாகிக்கொண்டு வருகிறது, மற்றபடி சுகம். அங்கே நீங்கள், அக்கா, சுண்டெலி மூன்று பேரும் சுகம்தானே? சுண்டெலிக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? உங்கள் அணைக்கட்டுக் குடியிருப்பில் இன்னும் போன் எடுக்காததால் எனக்குக் கையெழுத்து மறக்காமல் இருக்கிறது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காது மந்தத்துக்குக் காரணம் எங்கள் வானிலை நிலையத்துக்கு வந்திருக்கும் புது இயந்திரம். ஒரு வழியாக அதை நிறுவி ஓட்ட ஆரம்பித்துவிட்டோம். முந்நூறு கம்ப்யூட்டர்களை அலமாரி அலமாரியாக அடுக்கி, ஒன்றோடொன்று கம்பியால் பின்னி, எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்படி பழக்க வேண்டும். கிளஸ்டர் என்று பெயர். முந்நூறு மருமகள்களை ஒரே சமையலறையில் விட்டால் எப்படியோ அப்படித்தான். ஒன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூடத்தில் ஏசி இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்தும் கத்துகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்கிறார்.

உங்களுக்குக் காலையில் வரும் மழைப் படம் இனி இந்த இயந்திரத்திலிருந்துதான் வரும். போன வாரம் ஒரு நாள் கணக்கு முடியவில்லை, படம் போட வேண்டிய பக்கம் காலியாக இருந்தது. இயக்குநர் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். "வெத்துப் பக்கத்தைக் காட்டவா இவ்வளவு பெரிய மெஷின் வாங்கினோம்? மேலிடத்துல பார்த்தா யாரு பதில் சொல்றது?" அதனால் ஒரு சின்ன வித்தை செய்து வைத்திருக்கிறேன். புதுப் படம் வராவிட்டால் பழைய படத்தையே எடுத்து அன்றைய தேதியைப் போட்டு ஒட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்திருக்கிறேன். இங்கே ஆராய்ச்சி செய்பவர்கள் இயந்திரத்துக்குள் பழைய கணக்குக் குப்பையை எல்லாம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இடம் நிறைந்துவிடும். இரண்டு மாதம் யாரும் திறந்து பார்க்காத எதையும் துடைப்பம் தானாகவே பெருக்கித் தள்ளிவிடும். ஒரு தடவை சும்மா திறந்து பார்த்தால்கூடப் போதும், விட்டுவிடும். அழித்தாய் என்று யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது பாருங்கள்.

அக்காவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். பொய்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மச்சினன்


ஏப்ரல் 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே மூவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும், காது உட்பட. பல் முளைத்துவிட்டது. ஆனால் கோணலாக முளைத்திருக்கிறது, உன்னைப் போல. உன் அக்கா இதைப் படித்துவிட்டு என்னை முறைக்கிறாள்.

நீ எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை. மருமகள் வரைக்கும் புரிந்தது. துடைப்பம் புரிந்தது. நடுவே ஒட்டுகிறாய், வெட்டுகிறாய் என்று என்னவோ எழுதியிருக்கிறாய். எனக்குக் காலையில் படம் வந்தால் போதும். பச்சையா, சிவப்பா? அவ்வளவுதான் என் உலகம். மலைப்பக்கம் பச்சை என்றால் மழை இல்லை, ஷட்டரைத் தொடக்கூடாது. சிவப்பு என்றால் பெருமழை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை முன்கூட்டியே இறக்க வேண்டும். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் காலை டீயே குடிப்பேன்.

போன வருடம் வானம் கறுத்ததைப் பார்த்து நானாகவே இரண்டு ஷட்டரைத் தூக்கினேன் அல்லவா? மழை வரவில்லை. தண்ணீரை வீணாக்கிவிட்டேன் என்று விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. அதோடு புது உத்தரவு: படம் சொன்னால்தான் ஷட்டர் நகர வேண்டும், ஆள் சொல்லி அல்ல. முதலில் எனக்கு மனசு கேட்கவில்லை. பிறகு படத்தைப் போடுவது என் மாப்பிள்ளைதானே என்று சமாதானமாகிவிட்டது. வானத்தைவிட உன்னை எனக்கு அதிகம் தெரியும்.

ஆறு காய்ந்து கிடக்கிறது. கீழே தரைப்பாலத்தில் வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. கோடை முடிந்ததும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் அக்கா, "அவன் சாப்பிடறான்னு நீங்க சொன்னா நான் நம்பிடுவேனா?" என்று கேட்கச் சொல்கிறாள்.

உன் மாமா


ஜூன் 15

அன்புள்ள மாமா,

நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நாலு வரிதான் எழுத முடியும், தலைக்கு மேல் வேலை.

அடுத்த வாரம் பெரிய மனிதர்கள் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார்கள். அதன் வேகத்தைச் சோதித்துக் காட்ட வேண்டுமாம். வேகத்தில் நாம் எத்தனையாவது இடம் என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டும் ஆசை இயக்குநருக்கு. அதற்கு முந்நூறு கம்ப்யூட்டரும் அந்த ஒரே சோதனைக்கு வேண்டும். வரிசையில் நிற்கும் மற்ற வேலையை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். "எல்லாமேவா சார்?" என்று கேட்டேன். "எல்லாமேன்னா எல்லாமேதான். ரெண்டு நாள்ல யாரு செத்துப் போயிடுவாங்க?" என்றார். விட்டுப்போனதை எல்லாம் பிறகு ஓட்டி, அந்தந்தத் தேதியில் நிரப்பிவிடுவோம். வழக்கம்தான்.

இது முடிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். சுண்டெலிக்கு என்ன வாங்கி வரட்டும்?

உங்கள் மச்சினன்


மாவட்டச் சிறை
ஜூலை 4

அன்பு மாப்பிள்ளைக்கு,

நான் உயிரோடு நலமாக இருக்கிறேன். நீ, உன் அக்கா, குழந்தை நலமா? அவர்களை வந்து கூட்டிக்கொண்டு போய் உன்னோடு வைத்துக்கொண்டாய் என்று வக்கீல் சொன்னார். குடியிருப்பில் ஒன்றும் மிச்சமில்லையாம். என் அலுவலகத்து அறை, படம் வரும் கம்ப்யூட்டர், சுவரில் ஒட்டியிருந்தவை எல்லாமே சேற்றோடு போய்விட்டன. உன் கடிதங்களும்தான். இங்கே எழுதுவதை ஒரு ஏட்டு படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நடந்தது உனக்குச் செய்தித்தாளில் தெரிந்திருக்கும். நான் சொல்வதையும் கேள். முந்தின நாள் காலை படம் பச்சை. அன்று காலையும் பச்சை. மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது, அதையும் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன். உத்தரவு நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தேன். மத்தியானம் மேலேயிருந்து தண்ணீர் வந்த வேகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அணை மேல் தண்ணீர் வழிய ஒரு முழம்தான் பாக்கி. அணை போனால் கீழே ஊரே போய்விடும். எல்லா ஷட்டரையும் ஒரே நேரத்தில் தூக்கினேன். சங்கை ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். தரைப்பாலத்தில் ஒரு வேன் நடுவழியில் இருந்தது. டிரைவர் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி என் பக்கம் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அதில் பதினொரு பேர்.

இப்போது கேஸ் என்னவென்றால், படம் அன்று சிவப்பாகத்தான் இருந்ததாம். உங்கள் நிலையத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தூங்கிவிட்டேன் என்கிறார்கள். வக்கீலும் அந்தப் படத்தைக் காட்டினார். அன்றைய தேதிதான். ரத்தம் மாதிரி சிவப்பு.

மாப்பிள்ளை, எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல். அன்று காலை நீ அனுப்பிய படம் என்ன நிறம்?

உன் மாமா


ஜூலை 29

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

அக்காவும் குழந்தையும் என் வீட்டில் முன்னறையில் இருக்கிறார்கள். சுண்டெலியை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டேன். சீருடை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று அக்கா சொல்கிறார். உங்களுக்குப் போர்வையும் இரண்டு சட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தேன், கிடைத்ததா? அங்கே குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தருகிறார்களா? தண்ணீர் மாறினால் உங்களுக்கு வயிறு சரியில்லாமல் போகும் என்று அக்கா கவலைப்படுகிறார்.

நிலையத்தில் விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். தேவையான விவரங்களை நிலையமே நீதிமன்றத்துக்கு அளிக்கும். ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் யாருக்கும் எதுவும் எழுதக்கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

மனதைத் தளரவிடாதீர்கள்.

தங்கள் மச்சினன்


மாவட்டச் சிறை
ஆகஸ்ட் 5

அன்பு மாப்பிள்ளைக்கு,

போர்வை கிடைத்தது, சட்டை கிடைத்தது. வயிறு நன்றாக இருக்கிறது. தண்ணீர் கொதித்ததா என்று தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் எல்லோரும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

என்ன மாப்பிள்ளை, 'தாங்கள்' என்றெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டாய்? கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, "தேடிக்கோங்க மாமா" என்று ஓடியவன்தானே நீ. கடிதத்தைப் படித்துவிட்டு ஏட்டுகூட, "யாருய்யா இது, ஆபீசரா?" என்று கேட்டார்.

இங்கே பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதால் பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. புது இயந்திரம் வந்தபோது நீ எழுதினாய், புதுப் படம் வராவிட்டால் பழைய படத்தில் தேதியை மாற்றி ஒட்டிவிடும் என்று. அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிற மாதிரி இருக்கிறது. அந்த வாரம்தான் ஏதோ சோதனை என்று எல்லா வேலையையும் நிறுத்தினீர்கள். விட்டுப்போனதைப் பிறகு ஓட்டி அதே தேதியில் நிரப்புவோம் என்றும் எழுதியிருந்தாய். அப்படியென்றால் நான் பார்த்த பச்சையும் இவர்கள் காட்டுகிற சிவப்பும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம் அல்லவா? நான் படிக்காதவன், தப்பாகவும் இருக்கலாம். வக்கீலிடம் சொன்னேன். "அந்த லெட்டர் எங்கே?" என்றார். ஆற்றில் போய்விட்டது என்றேன். "அப்ப உங்க மச்சான்தான் வந்து சொல்லணும்" என்றார்.

அந்தக் காலையில் உண்மையில் எது போனது என்பது இயந்திரத்தில் எங்காவது கிடக்கும்தானே? ஆனால் உன் துடைப்பம் இருக்கிறது. இரண்டு மாதம் யாரும் திறக்காவிட்டால் பெருக்கிவிடும் என்றாய். வெள்ளம் வந்தது ஜூன் இருபத்திரண்டு. இன்னும் நாள் இருக்கிறது, மாப்பிள்ளை. எடுத்துக் கொடு என்றுகூட இப்போது கேட்கவில்லை. ஒரு தடவை திறந்து பார். அது அங்கே இருக்கட்டும். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

சுண்டெலிக்கு ஒரு முத்தம்.

உன் மாமா


ஆகஸ்ட் 20

என்னங்க,

நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மனுப் போட்டிருக்கிறேன், அடுத்த வாரம் பார்க்க விடுவார்கள் என்று சொன்னார்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி சரியாக இல்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான், துவைக்கப் போட்டபோது எடுத்து வைத்தேன். நான் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீசுக்குப் போகிறான். போன ஞாயிறு நானும் குழந்தையும் கூடப் போனோம், இயந்திரத்தைக் காட்டு என்று அவள் ஒரே அடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பச்சையாக விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இவன் மேசை முன்னால் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை விசைப்பலகை மேல் வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான், எடுத்தான். அப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பி வரும்போது, "என்னடா செஞ்ச இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யலக்கா. நான் ஒண்ணுமே செய்யல" என்றான். சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதான். குழந்தை பயந்துவிட்டாள்.

முந்தின வாரம் அவனுடைய இயக்குநர் வீட்டுக்கே வந்திருந்தார். நான் உள்ளே இருந்தேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "யாரும் எதையும் அழிக்க வேண்டாம்பா. அது தப்பு. வழக்கமா என்ன நடக்குமோ அது நடக்கட்டும். நீ உன் அக்கா குடும்பத்தைப் பாரு" என்றார். இவன் தலையை ஆட்டினான். கிளம்பும்போது, "அந்தப் புரோகிராம் யார் எழுதுனதுன்னு கேட்டா உன் பேர்தானே வரும்? நான் அதைக் கேட்க விடமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன். இவன்தான் அவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் எடுத்துக் குப்பையில் போட்டான்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆறுதலாக எழுதுங்கள். நான் கேட்டால் பேசமாட்டேன் என்கிறான்.

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 30

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். தங்களைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, தாங்கள் மெலிந்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம்.

தாங்கள் கேட்டிருந்த விஷயம். நான் முன்பு எழுதியது வேறு ஏதோ சோதனைப் பக்கத்தைப் பற்றி. மழைப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தாங்கள் இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நிலையத்தின் சேமிப்பில் அன்றைய தேதியில் இருக்கும் படம் சிவப்புதான். அதற்கு மேல் இயந்திரத்தில் எதுவும் இல்லை. யாரும் எதையும் அழிக்கவில்லை. வழக்கமான துப்புரவு போன வாரம் நடந்தது.

மாமா, ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? வயது ஆக ஆகச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புமாம். நமக்கே தெரியாதாம். அன்று காலை வெளிச்சமும் குறைவு என்று நீங்களே சொன்னீர்கள், வானம் கறுத்திருந்தது என்று. சிறையில் டாக்டர் வருவார் அல்லவா? ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துப் பார்த்துவிடுங்களேன். வழக்குக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன். தூங்கிவிட்டார் என்பதைவிடக் கண் சரியில்லை என்றால் நீதிபதிக்கு இரக்கம் வரும்.

அக்காவைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ கவலைப்பட வேண்டாம். நான் இருக்கும்வரை அவர்களுக்கு ஒரு குறையும் வராது.

தங்கள் மச்சினன்


மாவட்டச் சிறை
அக்டோபர் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறாயா? உன் அக்கா உன்னைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறாள். நன்றாகச் சாப்பிடு. நான் நலம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று. வேலைக்குச் சேரும்போது கலர் பார்த்துத்தான் எடுத்தார்கள். பிறகு ராத்திரியும் பகலும் அதையே யோசித்தேன். நீ இயந்திரத்தோடு இருப்பவன், உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லாமல் இருப்பாயா? அப்படிப் பார்த்தால் தப்பு என் கண்ணில்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

டாக்டர் வந்தபோது காட்டினேன். கலர் புள்ளிக்குள் எண் எழுதிய ஒரு புத்தகத்தைக் காட்டினார். எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்தேன். ஆனால் தூரத்து எழுத்தில் தடுமாறிவிட்டேன். "வயசாச்சுல்ல, கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்?" என்று கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். போட்டிருக்கிறேன். என் மூக்குக்கு அது பொருந்தவில்லை. பக்கத்தில் இருப்பவன் வாத்தியார் என்று கூப்பிடுகிறான்.

வக்கீல் உன்னைக் கூண்டில் ஏற்றலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்த பிறகு உன்னை எதற்கு இழுப்பது? போன வாரம் நீதிபதி, "படம் என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று நேராகவே கேட்டார். பின் வரிசையில் அந்த வேன் டிரைவரின் அம்மா உட்கார்ந்திருந்தாள். "பச்சைன்னு நினைச்சேன் ஐயா. சிவப்பா இருந்திருக்கலாம்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு, தூங்கிவிட்டேன் என்றே சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

உன்னை நான் தொந்தரவு செய்துவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் மாமா


டிசம்பர் 3

மாமா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

தீர்ப்பைக் கேட்டு அக்கா இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது பரவாயில்லை. ஏழு வருடம் என்பதை நல்ல நடத்தைக்காகக் குறைப்பார்களாம், விசாரித்தேன். வேறு சிறைக்கு மாற்றும்போது தெரியப்படுத்துங்கள். கண்ணாடிக்கு ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறேன், கீறல் விழாமல் இருக்கும்.

என்னை இயந்திரத்துக்கு முழுப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். குடியிருப்பும் பெரிதாகக் கொடுத்திருக்கிறார்கள். சுண்டெலிக்குத் தனி அறை. வாசலில் அந்தப் பலகையையும் மாட்டிவிட்டார்கள்.

பொறுப்பு வந்ததும் ஒரு மாற்றம் செய்தேன். இனிமேல் புது மழைப் படம் வராவிட்டால் பழையது போகாது. 'இன்று படம் இல்லை' என்று மட்டும் வரும். இயக்குநர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா.

உங்கள் மச்சினன்


மத்தியச் சிறை
டிசம்பர் 19

மாப்பிள்ளைக்கு,

நலம். இங்கே மாற்றிவிட்டார்கள், இடம் பரவாயில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அதைத் திறப்பதா வேண்டாமா என்று நானே முடிவு செய்துகொள்ளலாம். உத்தரவு எதுவும் இல்லை.

டப்பா கிடைத்தது. உன் கடிதமும் கிடைத்தது. மழைப் படத்துக்குப் பதிலாக இனி பழையது போகாது என்று எழுதியிருந்தாய். மழைப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீ முன்பு எழுதிய கடிதத்தையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் படித்தேன். இங்கே கடிதம் படிக்கும் ஏட்டு வேறு ஆள். "என்ன பெரியவரே, ஊர்ல ஏதும் கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லைங்க. மாப்பிள்ளைக்கு வேலை உயர்வு" என்றேன்.

நீ செய்தது நல்ல காரியம். இப்போது அங்கே என் இடத்தில் இருப்பவன், படம் இல்லை என்று வந்தால் வெளியே வந்து மலைப்பக்கம் அண்ணாந்து பார்ப்பான். அந்த வேனில் போனவர்களைப் போல இல்லாமல், நாளைக்குப் போகிறவர்கள் வீடு போய்ச் சேருவார்கள்.

உன் அக்கா பார்க்க வந்தாள். நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளும் குழந்தையும் உன் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும், அது அவர்கள் தொண்டையில் சிக்கக்கூடாது. நீயும் சொல்லாதே. சொல்லிவிட்டு மனசை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அதை நீயே வைத்துக்கொள். சுண்டெலியை நன்றாகப் படிக்க வை. இனி எனக்கு அவளை எழுதச் சொல், நீ எழுத வேண்டாம்.

கண்ணாடியைக் கழற்றி நீ அனுப்பிய டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். அது எனக்குத் தேவை இல்லை. அன்று காலை படம் பச்சைதான், மாப்பிள்ளை. நான் சரியாகத்தான் பார்த்தேன்.

சுண்டெலியின் அப்பா